மோடத்துக்குப் போன குரல்

2007 மழைக்காலம். இரணியல் பக்கம் எங்கள் வீடு. கணவருக்கு சவூதியில் வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால், மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில் பேசிக்கொள்வோம். அந்த வாரம் இடி மின்னலில் கம்ப்யூட்டர் பழுதாகி, கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார். வீட்டில் கொண்டுவந்து போட்டால் சத்தமே இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் கம்ப்யூட்டர் மட்டும் அல்ல. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, தக்கலையில் டாக்டர் ஊசி வைத்து சாம்பிள் எடுத்திருந்தார். ரிசல்ட் வரவில்லை. கணவரிடம் மூச்சு விடவில்லை. அங்கே தனியாகக் கிடக்கும் மனுஷன் பதறிப்போவாரே என்றுதான். ஆனால் அவர் குரலைக் கேட்டால் கொஞ்சம் தெம்பு வரும் போலிருந்தது.

சவுண்ட் கார்டு சிடியைத் தேடிப் பிடித்து டிரைவரை ஏற்றினேன். அணைத்து மறுபடி போட்டேன். ஊஹும். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அதற்குள் அவர் அழைப்பு வந்துவிட்டது. எடுத்தால் ஸ்பீக்கர் ஊமை. நான் பேசுவதும் அவருக்குப் போகாது என்றே நினைத்து, மைக்கை அப்படியே விட்டுவிட்டு கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். அது சாட் பெட்டியை முழுக்க மறைத்துக்கொண்டது.

பக்கத்தில் இருந்த நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணங்கிட்ட சொல்லிட்டியளா மைனி?"

அதற்கே காத்திருந்த மாதிரி அழுகை வந்துவிட்டது. மவுசை அழுத்திக்கொண்டே சொன்னேன்.

"மார்புல கட்டி, ரிசல்ட் இன்னும் வரலன்னு சொல்ல நாக்கு வரமாட்டேங்குது மக்களே. பேடியா இருக்கு, பயந்து வருது. அவரு இஞ்ச இருந்தா கொள்ளாம், தெம்பா இருக்கும்."

சத்தம் வெளியே போகும் இடத்தில் சவுண்ட் கார்டுக்குப் பதில் மோடத்தின் பெயர் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மாற்றி ஓகே கொடுத்தேன். ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஏட்டி, நான் எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன்."

நாத்தனார் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கண்ட்ரோல் பேனலை நகர்த்தினால், சாட் பெட்டியில் "நீ பேசுறது கேக்குது" என்று இங்கிலீஷ் எழுத்தில் வரிவரியாக அடித்திருந்தார். மைக் முதலிலிருந்தே வேலை செய்திருக்கிறது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எந்தப் பக்கம், வலிக்கிறதா என்றுதான் கேட்டார். கடைசியில், "ரிசல்ட் வாங்க நீ ஒத்தைக்குப் போவாண்டாம். நான் வாறேன்" என்றார்.

முதலாளியிடம் மன்றாடி லீவு வாங்கி வந்தும் விட்டார். ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பயப்படும்படியான கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் விடவில்லை.

அன்று ஸ்பீக்கர் ஒழுங்காக வேலை செய்திருந்தால், இங்கே எல்லாம் சுகம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன், அந்தப் பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.