மூன்று நிமிடம், பதினொரு ரூம்

என் அப்பா ஊர்க்காவலன் போன மாசியில் இறந்தார். மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைப் பற்றி நிறையச் சொன்னார்கள். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் இருபது வருடம் போர்மேனாக இருந்தவர். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆனால் அவர் எனக்காக ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆடியது அவர்கள் யாருக்கும் தெரியாது. அதை நான் எழுதினால்தான் உண்டு.

அப்பாவின் சொந்த ஊர் ஆனைக்குட்டம். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அப்பா பதினாறு வயதில் ஆலைக்கு வந்தார். பெட்டி ஒட்டினார், திரி வெட்டினார், மருந்து கலந்தார், கடைசியில் போர்மேன் ஆனார். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், உள்ளே நுழையும் முன், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

அந்தக் கேம் வரப்போகும் செய்தியை 2000-இல், கல்லூரி முதல் வருடத்தில், ஒரு பத்திரிகையில் படித்தேன். வேறொரு கிரகத்தின் நிலவில் ஒரு சுரங்கம். அங்கே மாட்டிக்கொண்ட ஒருவனின் கண் வழியாக நாம் பார்ப்போம். அவன் பிடித்திருக்கும் துப்பாக்கி மட்டும் திரையில் தெரியும். வெளியீட்டுத் தேதியை நான்கு முறை தள்ளிவைத்தார்கள். நான் படித்து முடித்தேன், கேம் வரவில்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுத்த பணத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

2004 தீபாவளி முடிந்த கையோடு மதுரையில் டிஸ்க் கிடைத்தது. ஆலைக்கு லீவு. அப்பா வீட்டில் இருந்தார். ஆலை திறந்த இரண்டாம் நாள் நான் வேலைக்குப் பெங்களூர் கிளம்ப வேண்டும். அதற்குள் கேமின் முடிவைப் பார்த்துவிட வேண்டும். நான்கு வருட ஆசை.

பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்தேன்.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நகர்கிறோம் என்று கண் சொல்கிறது. இல்லை என்று காதின் உட்பகுதி சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிலருக்குத் தலை சுற்றும். நான் அந்தச் சிலரில் ஒருத்தி. மூன்று நாள் முயன்றேன். எலுமிச்சம்பழம், மாத்திரை, தூர உட்கார்ந்து பார்ப்பது, எதுவும் உதவவில்லை. மூன்றாம் நாள் மதியம் அழுதுவிட்டேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார்.

"எந்திரி தாயி. நான் ஓட்டுதேன். நீ கண்ண மூடிப் படு. என்ன தெரியுதுன்னு சொல்லுதேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதுப்பா."

"லாரியா ஓட்டப் போறேன்? கட்டைய அமுக்கத் தெரியாதா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள் முழுக்கச் சுவரில் முட்டினார். இரண்டாம் நாள் நடக்க வந்தது. நான் நாற்காலிக்குக் கீழே பாயில் கண்மூடிப் படுத்திருந்தேன். சத்தம் எனக்குக் கேட்கும். இங்கிலீஷில் பேசுவதை அவருக்குச் சொல்வேன். காட்சியை அவர் எனக்குச் சொல்வார்.

"வானம் பச்சையா இருக்கு. நல்ல பச்சை. பச்சைக்குப் போடுத பேரியத்த நிறைய போட்டிருக்கான். ஓரத்துல மட்டும் செவப்பு."

"நிலா தெரியுதாப்பா?"

"ரெண்டு தெரியுது. ஒண்ணு உடைஞ்சு கெடக்கு."

துப்பாக்கியைவிட அவருக்குக் கட்டடத்தின் மேல்தான் கண். "கதவு உள்பக்கமா திறக்குது. எந்தக் கூமுட்ட கட்டுனான் இத? இம்புட்டு நெருக்கமா ரூம் போட்டா ஒண்ணு போனா எல்லாம்ல போகும்? லைசென்ஸ் எவன் கொடுத்தான்?"

ராட்சதப் பூச்சிகள் வந்தால் சுடுவார். ஆனால் பக்கத்தில் எரிபொருள் டிரம் இருந்தால் சுடமாட்டார். டிரம்மைச் சுட்டால் பூச்சிகள் மொத்தமாகச் சாகும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "டிரம்மப் பாத்தா சுடு? நல்லாருக்குத்தா நீ படிச்ச படிப்பு" என்றார். பூச்சிகளை வெளியே இழுத்துவந்து ஒவ்வொன்றாகச் சுட்டார். இரண்டு மடங்கு நேரம் ஆனது.

லீவின் கடைசி நாள் காலை, கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். சுரங்க நிலையத்தை வெடிக்கவைக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் ஓடிப்போய் விண்கலத்தில் ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா அமுக்கினார். அபாயச் சங்கு ஊதியது. பிறகு ஒரு கதவு திறக்கும் சத்தம். இன்னொரு கதவு. மூன்றாவது கதவு. அப்புறம் வெடித்தது.

"என்னப்பா செய்த? நேரா ஓட வேண்டியதுதான?"

"ரூமெல்லாம் பாக்க வேண்டாமா? ஆள் இருந்தா?"

"யாரும் இல்லப்பா. அது வெறும் புரோகிராம். உள்ள ஆளே வைக்கல."

"நீயா எழுதுன? பாக்காம எப்படிச் சொல்லுவ?"

மறுபடியும் பொத்தான், சங்கு, கதவுகள், வெடி. ஒன்பது முறை. அடுப்படியிலிருந்து அம்மா மாரித்தாய் சொன்னாள்: "ஒம்போது தடவ செத்துட்டீக. கஞ்சியக் குடிச்சிட்டுப் போயி மிச்சத்தச் சாவுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக ஓடினால் நாற்பது விநாடி. நான்கு வருடம் காத்திருந்த முடிவு நாற்பது விநாடி தள்ளி இருக்கிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் பொன்னுத்தங்கம் அக்கா ஞாபகம் வந்தது.

1996-இல் ஆலையில் ஒரு ரூம் புகைந்தது. அப்பா எல்லாரையும் வெளியே விரட்டி எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. எண்ணி முடித்த பிறகு பொன்னுத்தங்கம் அக்கா தூக்குவாளியை எடுக்கப் பக்கத்து ரூமுக்குள் திரும்பப் போனது யாருக்கும் தெரியாது. அந்த ரூமும் வெடித்தது; அக்கா வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அப்பா தலையை மட்டும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு ரூமாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

எழுந்து ஒரு வரைபடத்தாள் எடுத்தேன்.

"பொத்தான அமுக்காம மெதுவா ஒரு சுத்து வாப்பா. நான் பாக்குறேன்."

அரை நிமிடம் திரையைப் பார்ப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொள்வேன். குமட்டல் அடங்கியதும் பார்த்ததை வரைவேன். இரண்டு மணி நேரம் ஆனது. மொத்தம் பதினொரு ரூம். மூன்றுக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே போகாமலே பார்த்துவிடலாம். அப்பா ஒரே நடைபாதையில் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தார். ஒரு ரூமுக்கு இவ்வளவு விநாடி என்று கணக்குப் போட்டு, போகும் வழியை மாற்றி, ரூம்களுக்கு வரிசை எண் குறித்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது.

பாயில் உட்கார்ந்து தாளை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஒண்ணு. வலது பக்கம்."

"ஒண்ணு காலி."

"ரெண்டு, எதிர்த்தாப்புல. மூணு, கண்ணாடி."

"ரெண்டு காலி. மூணு காலி."

அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. ஆலையில் இப்படித்தான் பேசுவார் போலும். ஏழாவது ரூமில் மேஜையில் முட்டி நின்றார். இரண்டு விநாடி போனது. நான் எண்ணை மட்டும் சொன்னேன். எட்டு காலி. ஒன்பது, பத்து காலி. அம்மா கரண்டியோடு வந்து அவர் பின்னால் நின்றாள்.

"பதினொண்ணு."

"பதினொண்ணு காலி."

"படி. ஏறுப்பா!"

சங்கு நின்றது. வேறு சத்தம், கலம் கிளம்பும் சத்தம். அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இப்பப் பாரு தாயி. படம் ஆடல. பாக்கலாம்."

பார்த்தேன். பச்சை வானம், உடைந்த நிலா. அவர் சொன்னபடியேதான் இருந்தது. கீழே நிலையம் வெடித்துச் சிதறியது. பெயர்கள் மேலேறத் தொடங்கின. எனக்குத் தலை சுற்றவில்லை.

"ஆள் சேதம் இல்ல" என்றார் அப்பா.

சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். மறுநாள் காலை ஆலையில் திறப்புப் பூஜை. ஆறரைக்கே கிளம்பிப் போனார்.