பதினைந்தாவது ஆள்

புருலுக்கு உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தெரியாது. கல்யாண விருந்தில்கூட ஒரு கையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, மறுகையில் போன். எந்த வேன் கிளம்பியது, எது வழியில் படுத்துவிட்டது என்று ஓட்டுநர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத் தன் இணையதளத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பாள். ஜலாலாபாத் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். அந்த வேலை போன பிறகு யாரும் கேட்காமலே இதை ஆரம்பித்தாள். ஊரில் ஓடும் வேன் ஒவ்வொன்றிலும் தானே ஏறி, நிறுத்தம் நிறுத்தமாகக் குறித்துவந்தாள். ஆறு வருஷமாக இதே பைத்தியம். எங்கள் மேட்டுக் குடியிருப்பில் அவள் தளத்தைப் பார்க்காமல் யாரும் பூட்ஸ் மாட்டுவதில்லை.

நானும் அப்படித்தான் நம்பித் தொலைத்தேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை எனக்கு. எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வந்த மேற்பார்வையாளர் அம்மாள் மூன்று நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டாள். அந்த டிசம்பரில்தான் எங்கள் பக்கம் ஓடும் பதினேழாம் நம்பர் வேன்களின் முதலாளி, மேட்டில் பனி வழுக்குகிறது என்று இரண்டு வண்டிகளையும் சந்தைப் பக்கம் திருப்பிக்கொண்டான். தளத்திலோ பதினேழு வரும் நேரம் 'ஏழு பத்து' என்று அப்படியே இருந்தது. இரண்டு நாள் நின்று நின்று கால் மரத்து, நடந்தே இறங்கினேன். இரண்டு நாளும் தாமதம்.

இரண்டாம் நாள் வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"வேன் இல்லைன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா போட்டே? பொய்க்காரி!"

அவள் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். "எடுத்துட்டா நாளைக்கு யாரும் வந்து நிக்க மாட்டாங்க, மிர்குல். ஆளே நிக்காத மேட்டுக்கு எவன் வண்டியை ஏத்துவான்?"

"இன்னும் ஒரு நாள் லேட்டானா என் வேலை போச்சு. அப்புறம் உன் சைட்டையா சாப்பிடுவேன்?"

நான் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

சாயங்காலமே அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, நாளைக்கு யார் யார் வருவீர்கள் என்று கேட்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். எங்கள் ஊர் வேன்காரர்கள் நேரத்துக்கு வந்தாலும் நேரத்துக்குக் கிளம்புவதில்லை. பதினைந்து சீட்டும் நிறைந்தால்தான் வண்டியை எடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தளத்தைப் பார்த்தேன். 'ஏழு பத்து' இல்லை. அதற்குப் பதில் இப்படி இருந்தது: '17: வேன் இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு மேட்டில் பதினைந்து பேர் நிற்கிறோம். யார் வந்தாலும் வண்டி நிறையும்.' இத்தனை வருஷம் ஆட்களுக்கு வண்டியைச் சொன்னவள், வண்டிகளுக்கு ஆட்களைச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் ஆறே முக்காலுக்கே போய் நின்றேன். ஏழு இருபதுக்கு ஒரு வேன் முனகிக்கொண்டு மேலே வந்தது. வேறு தடத்தில் ஓட்டும் அப்திலாஸ். எல்லோரும் முண்டியடித்து ஏறினோம். அவர் திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். பதினாலு. வருவதாகச் சொன்ன தச்சர் வரவில்லை. அவர் பசு கன்று போட்டுக்கொண்டிருந்ததாம்.

"பதினஞ்சுன்னு போட்டிருந்துச்சே. இன்னொரு ஆள் எங்க?"

அந்தச் சீட்டுக்கும் நானே காசு தருகிறேன் என்றேன். மணி ஏழு இருபத்தெட்டு. கீழே போக இருபத்தைந்து நிமிஷம்.

"காசு இல்லம்மா விஷயம். முத நாளே எழுதினது பொய்யின்னா, நாளைக்கு எதை நம்பி இந்தப் பனியில ஏறுறது?"

வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த புருலுக்கும் அது கேட்டது. வீட்டுச் செருப்போடு, கையில் பிசைந்த மாவோடு வந்திருந்தவள், அப்படியே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் பதினஞ்சு. எடுங்கண்ணே."

"உனக்கு டவுன்ல என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல. எடுங்க."

ஏழு ஐம்பத்தேழுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அப்திலாஸ் இப்போது தினமும் வருகிறார். ஆள் குறைகிற நாளில் புருல் ஏறிவிடுகிறாள்; அதே வண்டியில் திரும்பியும் வந்துவிடுகிறாள். வழியெல்லாம் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், கண் போனில். பொய்க்காரி என்று சொன்ன வாயால் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். அவள் ஓர் இடத்தில் நின்றால்தானே கேட்பதற்கு.