டிவியில் வந்த அப்பாவின் பெயர்

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. டெல்லியில் பள்ளியில் சேர்க்கும்போது அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்றார்களாம். அப்பா தன் பெயரையே எழுதிவிட்டார். அதே பெயரில் ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு விஞ்ஞானி, ஒரு பாடகர் என்று நாடறிந்தவர்கள் பலர். "அவருக்கு நீ சொந்தமா?" என்று என்னை ஆபீஸில் கேட்காதவர்கள் இல்லை.

அப்பா போன கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. நான் ஜனக்புரியில் அம்மா இருந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலமானால், "அவங்க இன்னும் வரலையே?" என்று வாசலைப் பார்ப்பாள். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதாள். தாங்க முடியாமல், "ஆபீஸ்ல வேலை அதிகமாம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கிரிக்கெட் ஓடும்போது டிவியில் யாராவது அந்தப் பெயரைக் கத்தினால் கோபம் வந்துவிடும். "பெரியவங்கள இப்படியா பேர் சொல்லிக் கத்துவாங்க?" நான் சிரித்துவிடுவேன். ஏனென்று தெரியாமல் அவளும் சிரிப்பாள்.

போன குளிர்காலத்தில் ஒரு மாலை, நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் இந்திச் செய்தி. அப்பா பெயர் கொண்ட அந்தப் பாடகர் காலமாகிவிட்டார். செய்தி வாசித்த பெண் குடும்பப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஓடிவந்து அணைப்பதற்குள் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. இத்தனை வருஷ டெல்லி வாசத்தில் அவளுக்கு இந்தி நன்றாகவே புரியும்.

"எப்போ?" என்றாள்.

"அம்மா, அது வேற யாரோ. பாட்டுப் பாடறவர்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஸ்வெட்டர் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரி, சொந்தக்காரர்கள், காரியம் என்று அலைந்ததில் எனக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

காலையில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. சாப்பிட்டதை மறக்கிறாள், குளித்ததை மறக்கிறாள், சில நாள் என்னையே யாரென்று கேட்கிறாள். அவர் எப்போது வருவார் என்று மட்டும் அதன் பிறகு கேட்டதே இல்லை. இருட்டத் தொடங்கியதும் டீயைக் கொடுக்கிறேன். குடித்துவிட்டு, "லைட்டப் போடு" என்கிறாள்.