போடாத மின்விசிறி

கடையில் அவளுக்குத் 'தொடாத டாக்டர்' என்று பெயர். வைத்தவர் முதலாளி. சூரிய ஒளி மின்சாரம் போட்டுத் தரும் சின்னக் கடை அது. மற்ற இருவரும் ஏணியும் ஸ்பானருமாக வீடு வீடாக அலைவார்கள். அவள் மட்டும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்றபடியே என்ன கோளாறு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

மாயம் ஒன்றுமில்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சுவரில் ஒரு பெட்டி இருக்கும். சார்ஜ் கன்ட்ரோலர் என்பார்கள். வெயிலிலிருந்து எவ்வளவு வந்தது, பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொண்டது, வீடு எவ்வளவு செலவழித்தது எல்லாவற்றையும் அது மணிவாரியாக நினைவில் வைத்திருக்கும். பக்கத்தில் போய் நின்றால் புளூடூத்தில் அதையெல்லாம் கைப்பேசிக்கு இழுத்துவிடலாம். திரையில் கோடு கோடாக வரும். அந்தக் கோடுகளைப் படிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

இந்த வேலையில் அவள் அப்பாவுக்கு இருந்த பெருமை அவளுக்கே கிடையாது. அப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டோடு இருப்பவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு தரையில நின்னே மாடியில என்ன நடக்குதுன்னு சொல்லிடுவா" என்பார். அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போ, உயரத்தில் ஏறாதே. அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். ஏறாமல் பிழைப்பதற்காகத்தான் படித்தோம் என்று அவளும் ஏறக்குறைய நம்பிவிட்டிருந்தாள்.

தையல்கடையிலிருந்து அழைப்பு வந்தது பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். கடை கீழே, வீடு மேலே. கடை முழுக்க வெட்டிப் போட்ட சீருடைத் துணி. பொத்தானுக்குக் காஜா எடுக்கக் காத்திருந்த சட்டைகள் நாற்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள் தையல்காரி. வாய் ஓயாத, கை அதைவிட ஓயாத பெண். கணவர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்.

"சாயங்காலம் ஆனாப் போதும், மெஷின் மூச்சை விட்டுடுதும்மா. இந்த நேரம் பார்த்துப் படுத்தா நான் என்ன பண்ணுவேன்? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அரைக்கை சட்டையோடதான் பள்ளிக்கூடம் போகணும்."

"அரைக்கை சட்டைதானேக்கா சீருடை?"

"ஒரு கை மட்டும் வச்சத சொல்றேன்டி!"

தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மாடிப்படியின் பாதி வரை ஏறி, சுவரோரமாக நின்று கைப்பேசியைத் திறந்தாள். பெட்டி மேலே பின்னறையில் இருந்தது. கைப்பேசி உடனே இணைந்துகொண்டது.

"மேல போய்ப் பாக்கலியா?"

"எதுக்குக்கா? எல்லாம் இதுலயே தெரியும்."

தெரிந்தது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை செலவுக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி மட்டமாக ஓடியது. தினமும் அதே கதை. காலையில் பேட்டரி பாதி காலி.

"ராத்திரி பூரா ஏதோ ஓடுதுக்கா. ஃபேன் மாதிரி ஏதோ ஒண்ணு. விடிய விடிய நிறுத்தறதே இல்ல."

படியில் நின்றபடி, கீழே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். கண்டுபிடித்த சந்தோஷம் குரலைத் தானாகவே உயர்த்திவிட்டது.

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் சொல்லல? மேல இருக்கா பாரு ஒரு மகாராணி. நான் இங்க பெடலை மிதிச்சு மிதிச்சுச் சாகறேன், அவளுக்கு அங்க காத்து வேணுமாம்."

மகாராணி என்றது நாத்தனாரை. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து பின்னறையில் தங்கியிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, நான் ஃபேனே போடறதில்ல. ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான் படுக்கறேன்."

"அப்ப யாரு போடறா? பேயா வந்து போடுது?"

இரண்டு பேரும் கைப்பேசியோடு நின்ற அவளைத்தான் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னொரு முறை பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"பெட்டி பொய் சொல்லாதுங்க" என்றாள்.

நாத்தனார் ஒரு படி இறங்கி வந்தாள். "அதைக் கொஞ்சம் காட்டுங்க." கைப்பேசியை நீட்டியதும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு இது புரியல. ஆனா நான் போடல" என்றாள். பிறகு கீழே இருந்த பெண்கள் விட்ட வழியில், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

இரண்டொரு நாளில் நாத்தனார் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டே போய்விட்டாள். தையல்காரி போனில் அதைச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு. இனிமே பேட்டரி தாங்கும் பாரு" என்றாள். மெஷின் நிற்கிறதா ஓடுகிறதா என்று கேட்டதற்கு, வானம் மூட்டமாக இருப்பதால் சரியாகத் தெரியவில்லை என்றாள். சோலார் போட்டிருந்த கடைக்காரர்கள் எல்லாரும் மூட்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் தையல்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வண்ண மீன் விற்பவர். வீட்டில் மனிதர்கள் நடக்க இருந்த வழியெல்லாம் தொட்டி.

"வாங்க டாக்டரம்மா! மீனுக்கெல்லாம் நாடி பார்ப்பீங்களா?"

"கைய நீட்டச் சொல்லுங்க, பாக்கறேன்."

"இன்னும் நாலஞ்சு தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். பேட்டரி தாங்குமான்னு பார்த்துச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள காத்து விடற பம்பு ராத்திரியும் பகலும் ஓடணும். நின்னா விடியறப்ப அத்தனையும் மல்லாந்து மிதக்கும்."

கைப்பேசியைத் திறந்தாள். கோடு வந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, மட்டமாக, விடிய விடிய.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அந்தப் பம்பைக் கொஞ்சம் நிறுத்துங்க." நிறுத்தினார். கண்ணெதிரே கோடு தரைக்கு விழுந்தது. "பெட்டியையே அணைங்க." அணைத்தார். இணைப்பு அறுந்தது. சற்று நேரம் திரையில் ஒன்றுமில்லை. பிறகு கைப்பேசி தானாகவே எங்கிருந்தோ இன்னொரு பெட்டியைப் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மேலே பின்னறையில் இருந்த பெட்டி. அதற்கும் 'சோலார்' என்றுதான் பெயர்.

தொழிற்சாலையிலிருந்து வரும் எல்லாப் பெட்டிக்கும் அதுதான் பெயர். மாட்டிய கையோடு வீட்டுக்காரர் பெயரை அதில் போட்டுவிட வேண்டும். பிறந்த பிள்ளைக்குக் கையில் சீட்டுக் கட்டுகிற மாதிரி என்பார் முதலாளி. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில்தான் வேலை நடந்தது. மழை வருகிற மாதிரி இருந்தது. பெயர் மாற்றுவது அவள் பொறுப்பு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். மீன்காரர் பெட்டி படிக்கட்டுச் சுவருக்கு நேர் பின்னால் இருந்தது. படியில் நின்ற கைப்பேசி, பக்கத்தில் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

இப்போது வந்த கோட்டைப் பார்த்தாள். பகலில் அது தையல் மோட்டாரோடு சேர்ந்து குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. படியில் நின்று பார்த்த கோடு பகலிலும் மட்டமாகத்தான் இருந்திருக்கும். அவள் பகலைப் பார்க்கவே இல்லை. இரவில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். புழுங்கித் தீர்த்த இரவுகள் எல்லாம் வந்து போயின. எதிலும் ஒரு சின்ன மேடுகூட இல்லை. அந்த வெக்கையில் ஒருத்தி மின்விசிறியைப் போடாமல் படுத்திருந்தாள்.

"என்னம்மா, மீன் பொழைக்குமா?" என்றார் மீன்காரர்.

"பொழைக்கும்ணே. நீங்க தாராளமா வாங்குங்க."

சரியான கோட்டில் இன்னொன்றும் இருந்தது. மதியம் வரை நன்றாக ஏறிய மின்சாரம் அதற்குப் பிறகு கத்தியால் வெட்டியதுபோல் சரிந்தது. மறுநாள், கடையில் வேலை செய்யும் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு தையல்காரியின் மொட்டை மாடிக்கு ஏறினாள். மேலே போனதும் ஏன் என்று தெரிந்துவிட்டது. தையல்காரியின் கணவர் புதிதாக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி, மதியத்துக்கு மேல் தன் நிழலைப் பேனல்மீது சாய்த்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கப் பட்டம் வேண்டாம், கைப்பேசி வேண்டாம், இரண்டு கால் போதும்.

பேனலை வெயில் பக்கம் நகர்த்தினார்கள். இரண்டு பெட்டிக்கும் பெயர் போட்டாள். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் போதும், மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு ஆசை உள்ளே இருந்தது. அந்த ஆசைக்கு ஆயுசு ஒரு நாள்தான். மறுநாள் சாயங்காலம் தையல்காரியே போன் செய்தாள்.

"மெஷின் ஓடுதும்மா! நிக்கவே இல்ல. பாத்தியா, அவ போனதும் கரண்டு தங்குது. நீ மட்டும் அன்னைக்குச் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லா இருப்ப."

போனை வைத்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. தவறைச் சரிசெய்யப் போய் அதையே சாட்சியாக்கிவிட்டிருந்தாள். இனிமேல் அந்த மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நாளும் நாத்தனார் திருடி என்று சொல்லிக்கொண்டே ஓடும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மாடிக்கு ஏறினியாமே, முதலாளி சொன்னார்" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா குறுக்கே புகுந்து, "அவ ஏறமாட்டா. கீழ இருந்தே பாத்திருப்பா" என்றார். அந்தப் பெருமையைக் கேட்க அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கீழே இருந்தே பார்த்ததுதான்ப்பா கோளாறு என்று சொல்ல வந்து, சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கினாள்.

சலவைக் கடை தேடிக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. நாத்தனார் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் அறையில் தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நாத்தனார் இஸ்திரி மேசை முன்னால் நின்று, வேர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டு, வேட்டி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"என்ன, இங்கேயும் யாராவது கரண்டைத் திருடறாங்களா?"

எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் மாற்றாததை, சுவரை, மீன்காரரின் பம்பை, தண்ணீர்த் தொட்டியின் நிழலை. சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் சாக்குப்போக்கு மாதிரி அவள் காதுக்கே கேட்டது. கடைசியில், "தப்பு என்மேலதாங்க. மன்னிச்சிடுங்க" என்றாள்.

நாத்தனார் மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்து உதறினாள்.

"ஃபேனைப் போட்டுட்டுப் பேர் வாங்கியிருந்தாலும் காத்தாவது கெடைச்சிருக்கும். அதுவும் இல்ல." கொஞ்சம் சிரித்தாள். "ஏங்க, இதை என்கிட்ட வந்து சொல்லி என்ன புண்ணியம்? நான் போடலன்னு எனக்குத் தெரியாதா? ஊர்லயே அது தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். நீங்க திரும்பி…"

"அதை நீங்க பேசாதீங்க" என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி துணிமீது போய்வந்தது. அதற்குமேல் அங்கே நிற்க அவளுக்கு இடமில்லை.

நேரே தையல்கடைக்குப் போனாள். அளவு கொடுக்க வந்த பெண்களும் தைத்ததை வாங்க வந்தவர்களுமாகக் கூட்டம். கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றவள், அன்றைக்கும் கூட்டத்தில்தானே சொன்னோம் என்று தோன்றியதும் முன்னால் வந்தாள்.

"அக்கா, உங்க நாத்தனார் ஃபேன் போடவே இல்ல. நான் பக்கத்து வீட்டுப் பெட்டியை உங்களோடதுன்னு நெனச்சுப் படிச்சிட்டேன். ராத்திரி பூரா ஓடினது மீன்காரரோட காத்துப் பம்பு. உங்க மெஷின் நின்னது தண்ணித் தொட்டி நிழலால. பேனலை நிழலை விட்டு நகர்த்தினதாலதான் இப்ப ஓடுது. அவங்க போனதால இல்ல."

மெஷின் நின்றது. இந்த முறை தையல்காரியே பெடலிலிருந்து காலை எடுத்திருந்தாள். யார் வீட்டுக் கதை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற ஆவலை எல்லாரும் துணிப் பைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

திட்டப் போகிறாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவ ரூமைக் கூட்டப் போனேன்" என்றாள் தையல்காரி, ஊசியைப் பார்த்துக்கொண்டு. "ஃபேன் ரெக்கையில தூசி அப்படியே படிஞ்சிருந்துச்சு. சுத்தினா அப்படியா இருக்கும், ஒட்டடையோட? பார்த்தேன். அவ போன பிறகும் மெஷின் நின்னுச்சு. மூட்டம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அக்கா…"

"நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சும்மா. எப்படா யாராவது சொல்லுவாங்கன்னு இருந்தேன்போல."

எழுந்து, மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். செருப்பைத் தேடினாள். ஒன்று மேசைக்கு அடியில் இருந்தது.

"நான் போய்க் கூப்பிட்டா வருவாளா?"

வருவாங்க என்று சொல்ல வாய் வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் பேசிய அந்த முகம் நினைவுக்கு வந்தது.

"தெரியலக்கா."

"தெரியலதான்" என்றாள் தையல்காரி. "கடையைப் பார்த்துக்க." பாதி தைத்த சட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெயிலில் இறங்கி நடந்தாள்.

கூட்டத்திலிருந்த ஒரு பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த சட்டையைச் சுட்டிக்காட்டினாள்.

"இது எங்க பையனோடது. ஒரு கைதான் வச்சிருக்கு. உனக்குத் தைக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

"அவங்க எப்ப வருவாங்க?"

"அதுவும் தெரியாதுங்க" என்று சொல்லி, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.