சப்பாத்துக்குள் ஒளித்த கால்

என் மனுசன் சப்பாத்துப் போட்டது எங்கள் கலியாணத்துக்கு மட்டும்தான். ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறவருக்கு அது எதற்கு? அப்படிப்பட்டவர் ஒருநாள் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது காலுறையும் சப்பாத்துமாக வந்து நின்றார்.

"என்ன, மாப்பிள்ளை ஊர்வலமோ?" என்று கேட்டேன். இவர் சிரிக்கவில்லை.

இவருக்கு ஈரலில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. இருந்த மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, புது மருந்தொன்றை முதல்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தார். அதை நடத்திய டொக்டர் ஒரு பெண். தொடக்கத்திலேயே எங்களை இருத்திச் சொன்னார்.

"இதாலை சுகம் வருமெண்டு நான் சொல்லமாட்டன். எவ்வளவு மருந்தை உடம்பு தாங்குமெண்டு பாக்கிறதுதான் இப்ப வேலை. விருப்பமில்லாட்டி எப்பவும் விடலாம்."

பொய் நம்பிக்கை தராத அந்த வாய்க்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஒவ்வொரு முறையும் டொக்டர், "என்ன கரைச்சல் இருக்கு?" என்று கேட்பார். இவர், "ஒண்டுமில்லை, நல்ல சுகம்" என்பார். பந்தியில் போட்டதைக் குறை சொல்லி எழும்புவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. காசு வாங்காமல் சும்மா மருந்து தருகிறவர்களிடம் எப்படிக் குறை சொல்வது என்பது இவருடைய எண்ணம்.

சப்பாத்தோடு வந்த அன்று டொக்டரின் அறைக்குள் இவர் காலை ஊன்றாமல் நொண்டி நடந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. "கழட்டுங்கோ" என்றேன். காலைப் பின்னுக்கு இழுத்தார். குனிந்து நானே கழற்றினேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். தோல் காலுறையோடு உரிந்து வந்தது. இரண்டு நாளாகச் சாரத்தைக் கால் மறைய, நிலத்தில் இழுபடக் கட்டிக்கொண்டு திரிந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. டொக்டருக்கு முன்னாலேயே ஏசினேன், அழுதும்விட்டேன்.

டொக்டர் கதிரையை இழுத்து இவர் காலடியில் இருந்தார்.

"ஐயா, இது மருந்தாலை வந்த கொப்புளம். நீங்கள் மறைச்சா அடுத்து வாற நோயாளிக்கும் இதே அளவைத்தான் குடுப்பன். குறை சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

மருந்தை நிறுத்தி, கால் ஆறிய பிறகு குறைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இவர் திறந்த வாய் மூடவில்லை. நாக்கு ருசிக்கவில்லை, நகம் கறுக்கிறது, மனுசி ஏசுகிறாள் என்று எல்லாம் டொக்டருக்குப் போனது. கட்டி வளராமல் நின்றது. காலபோக நெல் அறுவடையை வயல் வரம்பில் நின்று பார்த்தார். யாரும் உறுதி சொல்லாமலே எங்களுக்குக் கிடைத்த காலம் அது.

பிறகு கட்டி திரும்ப வளர்ந்தது. இனி இந்த மருந்து வேண்டாம் என்று டொக்டர் சொன்னபோது இவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"எனக்குப் பிறகு வந்தவரின்ரை கால் எப்பிடி, டொக்டர்?"

"நல்லா இருக்கு, ஐயா. அவருக்கு முதலே குறைச்சுத்தான் குடுத்தனாங்கள்."

இவர் இப்போது இல்லை. அந்தச் சப்பாத்தைக் காணும்போதெல்லாம் இவரை இன்னும் ஏசுவேன். ஏசி முடிந்ததும், முகம் தெரியாத அந்த மனிதர் நோகாமல் நடந்தார் என்ற நினைப்பு வரும். இவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.