பொட்டு வைத்த ஹெட்லைட்டோடு தாராபுரம் வரை

தை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை 6:10. கார் ஒன்று, இருக்கை இரண்டு, ஆள் இரண்டு, முந்தின நாள் மதியம் முகம் மாற்றி முடித்த ஹெட்லைட் இரண்டு. கோவை கணபதியில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தாராபுரம் போய், பல்லடம் வழியாகத் திரும்பினோம். மொத்தம் 204 கிலோமீட்டர். பெட்ரோல் இரண்டாயிரத்து நூறு ரூபாய். தரையை ஒட்டிப் போகிற காரில் இந்தப் பாதை சரிப்படுமா என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். சரிப்படும், சில நிபந்தனைகளோடு. அதை வழியில் சொல்கிறேன்.

போன காரணம் இதுதான். நான் ஆட்டோமொபைல் படித்தவன். வயிற்றுப்பாட்டுக்குப் பம்ப் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறேன். என் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் ஹெட்லைட் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. உள்ளே முழுக்கக் குரோம் பூச்சு, ஏதோ எவர்சில்வர் கிண்ணத்தில் பல்பு வைத்தது போல. நண்பன் ரபீக்குக்குக் கோட்டைமேட்டில் வீடு, கணபதியில் சின்னப் பட்டறை. இருவரும் சேர்ந்து விளக்கைக் கழற்றி, ஓவனில் சூடாக்கிப் பசையை இளக்கி, கண்ணாடியைப் பிரித்து, உள்ளே அடர்சாம்பல் அடித்தோம். லென்ஸைச் சுற்றி மட்டும் மெல்லிய செம்பு நிற வளையம். பகலில் எரியும் விளக்குப் பட்டையைச் சாய்த்து வெட்டினோம். இப்போது கார் உங்களைப் பார்த்தால், பார்க்கிறது என்பது தெரியும்.

இங்கே நான் போட்ட விளக்குப் படத்தைத் தாராபுரத்தில் அரிசி ஆலை நடத்தும் செண்பகம் என்பவர் பார்த்தார். அவரிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, நீலம். போனில் பேச்சு ஒரு நிமிடம் கூட நீளவில்லை.

“போட்டோவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. வண்டியக் கொண்டாங்க, நேர்ல பாக்கறேன். சனிக்கிழமைக்குள்ள வந்தாப் பாருங்க, திங்கக்கிழமை என் வண்டிய இதே லைட் வேலைக்கு பெங்களூருக்கு அனுப்பறதா இருக்கேன்.”

இந்த வேலை கிடைத்தால் நானும் ரபீக்கும் பட்டறையை முழு நேரமாக நடத்துவது என்று முடிவு செய்திருந்தோம். கிடைக்காவிட்டால் நான் திங்கட்கிழமை பம்ப் வரையப் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை கெடு என்பதால் வெள்ளிக்கிழமை மதியம்தான் வெளிக் கண்ணாடிக்குக் கிளியர் கோட் அடித்தோம். வெயிலில் மஞ்சளாகாமல் காக்கும் பளபளப்பான மேல்பூச்சு அது. நாலைந்து மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். அடிவரை இறுகுவதற்கு ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை கழுவக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, ஓட்டலாம். இதில் சந்தேகமே இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்: ஓட்டியதால் எந்தக் கெடுதலும் வரவில்லை.

உக்கடம் தாண்டும்வரை நெரிசல். ஆறரைக்குள் தாண்டிவிட்டால் பொள்ளாச்சி சாலை உங்களுடையது. கிணத்துக்கடவில் டீ, இரண்டும் சேர்த்து முப்பது ரூபாய். டீக்கடைக்காரர் காரைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

“ஏனுங்க, இதுல மூணாவது ஆளு ஏறுனா எங்க உக்காருவாங்க?”

“ஏற மாட்டாங்க” என்றேன்.

“அப்புறம் எதுக்குங்க வண்டி?”

ரபீக் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். ஆனால் டீக்கடைக்காரர் விளக்கை மட்டும் குனிந்து பார்த்து, “மொகம் நல்லாருக்குதுங்க” என்றார். எனக்கு அது போதும்.

பொள்ளாச்சி வரை ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து உடுமலை இருபத்தொன்பது. பொள்ளாச்சி தாண்டியதும் ஊருக்கு ஊர் வேகத்தடை. சிலவற்றில் வெள்ளைக் கோடு கூட இல்லை. முன்சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள், காரைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

8:05க்கு உடுமலையில் அக்கா வீடு. மாமாவுக்குத் தேங்காய் மண்டி, வியாபாரம் முழுக்க வாசலிலேயே நடக்கும். உள்ளே எங்களுக்கு இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும் தயாராக இருந்தன. நான் நாலு தட்டு, ரபீக் ஆறு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மணி 8:40.

காரின் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பானெட் மேல் ஒரு செவ்வந்திப் பூ. ஹெட்லைட் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“பொட்டு வெச்சுப்போட்டேன் மாப்ள. வண்டிக்குப் புதுசா கண்ணு தொறந்துருக்குதல்ல? வெறுங்கண்ணோட தாராபுரம் போறதாக்கும்?”

“யாரைக் கேட்டு வெச்சீங்க?”

“பொட்டு வெக்கறதுக்கு ஆரக் கேக்கோணும்?”

ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் வைத்து, அழுத்தாமல் துடைத்தேன். சந்தனம் வந்தது. அதன் மஞ்சள் வரவில்லை. குங்குமம் வந்தது, சிவப்பு வரவில்லை. இறுகாத பூச்சு பஞ்சு மாதிரி, ஈரத்தோடு வரும் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இடப்பக்க விளக்கில் அதற்கும் மேல்: மாமா அழுத்தி வைத்திருக்கிறார், அவருடைய பெருவிரல் ரேகை ஒரு சுழி விடாமல் அப்படியே பதிந்திருந்தது. ஆதார் எடுக்கலாம்.

மாமா உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். “இதப் போட்டுத் தேச்சாப் போயிரும்.”

“தொடாதீங்க” என்று கத்தினேன். மண்ணெண்ணெயோ தின்னரோ பட்டால் பூச்சே வெளிறிவிடும். “அது இன்னும் முழுசாக் காயலைங்க மாமா.”

“காயாத வண்டிய எதுக்கு ரோட்டுக்குக் கொண்டாந்தே?”

“ஓட்டறதுக்குக் காஞ்சிருச்சு. நீங்க கைய வெக்கறதுக்குத்தான் காயல. உங்க மண்டிக்கு வந்து, உங்களைக் கேக்காம தேங்காய்க்கெல்லாம் நான் சாயம் அடிச்சா சும்மா இருப்பீங்களா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா என்னை முறைத்தாள். ரபீக் திடீரென்று டயரில் காற்று பார்க்க ஆரம்பித்தான். நான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் காரைக் கிளப்பினேன். ‘போயிட்டு வாரேன்’ என்றுகூடச் சொல்லவில்லை.

உடுமலையிலிருந்து தாராபுரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். முழு வழியிலேயே நல்ல சாலை இதுதான். இருபுறமும் காற்றாலைகள், இடையிடையே வாய்க்கால் பாலங்கள், எதிரே தேங்காய் லாரிகள். சாதாரண நாளில் ரசித்து ஓட்டியிருப்பேன். அன்றைக்கு என் பக்கத்தில் ரபீக் யோசனை சொல்லிக்கொண்டே வந்தான்.

“அந்த எடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாம். டிசைன்னு சொல்லிரலாம்.”

“ஸ்டிக்கரோட பூச்சும் உரிஞ்சு வரும்.”

“வெயில்ல போயிருமா?”

“மஞ்சள் போகும், நாலஞ்சு நாள் ஆகும். செவப்பு போகாது. அது கெமிக்கல் சாயம்.”

பிறகு, “மாமா எனக்கும் ஒண்ணு வெச்சு விட்டிருந்தா வண்டிக்கும் எனக்கும் மேட்சிங்கா இருந்திருக்கும்” என்றான். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் கோபமாக இருப்பதாக முடிவு செய்திருந்தேன்.

“என்ன சொல்லப் போற அவங்ககிட்ட?”

“நடந்ததை.”

“சரி. அப்ப பேசறது நீ. நான் லைட்டப் பாத்துக்கிட்டு நிப்பேன்.”

ஒன்பதே முக்காலுக்கு அமராவதிப் பாலம் தாண்டினோம். ஆலை ஊருக்கு வெளியே இருக்கிறது. செண்பகம் எடை மேடை அருகில் நின்று ஒரு லாரியைப் பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், காதில் போன். லாரி நின்றதும் எங்களிடம் வந்தார்.

“வாங்க தம்பி. வண்டிய நேரா குடோனுக்குள்ள உடுங்க.”

உள்ளே விட்டேன். ஷட்டரை இழுத்து மூடச் சொன்னார். இருட்டில், வெள்ளையடித்த சுவரைப் பார்த்து விளக்கைப் போடச் சொன்னார். விஷயம் தெரிந்தவர். நிறைய பேர் விளக்கின் முகத்தை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே லென்ஸைக் கோணலாக உட்கார வைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், எதிரே வருகிறவனுக்குக் கண் போய்விடும். எங்கள் வெளிச்சம் சுவரில் ஒரே கோடாக விழுந்தது, இடமும் வலமும் ஒரே உயரம். அவர் கிட்டே போய் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“சுத்தம்” என்றார். ஷட்டரைத் திறந்தார்கள். முன்னால் வந்து நின்று செம்பு வளையத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

“இதென்னுங்க?”

“பொட்டு. மேல்பூச்சு முழுசா இறுகறதுக்கு முன்னாடி வெச்சுட்டாங்க. கறை ஏறிருச்சு.”

“ஆரு வெச்சது?”

“எங்க மாமாங்க.”

“ரேகையெல்லாம் இருக்குது.” சிரிப்பு வந்தது அவருக்கு, ஆனால் நிமிர்ந்தபோது இல்லை. “என் வண்டிக்கு வெள்ளிக்கிழமை தவறாமப் பொட்டு உண்டுங்க. எங்க மாமியார் வெப்பாங்க. இந்த ஆலைய நான் நடத்தறேன், பூஜைய அவங்க நடத்தறாங்க. வெக்காதீங்கன்னு நான் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். உங்க வேலை அதைத் தாங்குமா, தாங்காதா?”

“முழுசா இறுகிட்டாத் தாங்கும்.”

“இது தாங்கலியே.”

“இது அவசரத்துல செஞ்சது. சனிக்கிழமைக்குள்ள காட்டணும்னு, வெளக்கை ஒட்டி மாட்டுன பொறவு மேல அடிச்சோம். கண்ணாடியத் தனியா வெச்சு, அடிச்சு, ஓவன்ல காய வெச்சிருந்தா ஒரு கறையும் ஏறியிருக்காது.”

“எழுதித் தர்றீங்களா?”

“செஞ்சே காட்டறேன்.”

அவர் ரபீக்கைப் பார்த்தார். “இவரு பேசவே மாட்டாரா?”

“லைட்டுக்கு நான் பொறுப்புங்க மேடம், வாய்க்கு இவன்” என்றான் ரபீக்.

செண்பகம் குடோன் மூலைக்குப் போய் ஒரு சாக்கை இழுத்துவந்தார். அவருடைய காரின் பழைய வலப்பக்க ஹெட்லைட். ஒரு முறை டிராக்டர் டிரெய்லரில் மோதி, காரோடு பொருத்தும் காது உடைந்ததால் மாற்றியது. கண்ணாடியில் கீறல் இல்லை.

“இதுல செஞ்சு கொண்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை எங்க மாமியார் பொட்டு வெப்பாங்க. சனிக்கிழமை காலைல அவங்களே தொடைப்பாங்க. வந்துச்சுன்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. பெங்களூர்க்காரருக்கு ஒரு வாரம் தள்ளிச் சொல்றேன். ரெண்டு வாரம் தள்ள மாட்டேன்.”

முழு வெற்றி இல்லை. தோல்வியும் இல்லை; பம்ப் வேலையை விடுவது ஒரு வாரம் தள்ளிப்போகிறது. எனக்கு ஆத்திரம் இருந்தது, யார் மேல் என்று யோசித்தபோது மாமா பெயர் வரவில்லை. இந்த ஊரில் கார் வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதற்குப் பொட்டு வைப்பார்கள். வெயில், மழை, கல்தெறிப்பு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட நான், வாரா வாரம் நடக்கிற ஒன்றுக்குப் போடவில்லை. சோதனைப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, இனி இருக்கும்.

சாக்கு மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ரபீக் வந்தான். குண்டடம், பல்லடம், சூலூர் வழியாக எண்பத்தேழு கிலோமீட்டர். பல்லடத்தில் மதியச் சாப்பாடு, இருவருக்கும் சேர்த்து முந்நூற்று இருபது. பல்லடத்துக்கு மேல் லாரிகள் அதிகம், முந்தாதீர்கள், இந்தக் காரின் உயரத்துக்கு லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். 2:30க்குக் கணபதி.

இதே மாதிரி விளக்கின் முகத்தை மாற்றிக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்கு: முன்பக்கம் வெள்ளை, மஞ்சள் தவிர வேறு நிற வெளிச்சம் வைக்காதீர்கள், போலீஸார் நிறுத்துவார்கள், நிறுத்துவது நியாயமும்கூட. கண்ணாடி மேல் கறுப்புப் படலம் ஒட்டாதீர்கள், அது அழகு இல்லை, குருடு. வேலை முடிந்ததும் சுவர் எதிரே நிறுத்தி வெளிச்சக் கோட்டைப் பாருங்கள், பார்க்காமல் எடுக்காதீர்கள். பொட்டு வைக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பூச்சு இறுகும் வரை காரை அவர்கள் கண்ணில் காட்டாதீர்கள்.

நான் அடுத்துச் செய்யப் போவது:

1. நாளைக்கே செண்பகத்தின் விளக்கைப் பிரித்து, கண்ணாடிக்கு மட்டும் கிளியர் கோட் அடிப்பது. ரபீக்கின் ஓவனில் அறுபது டிகிரி, அரை மணி நேரம். ஆறிய பிறகுதான் ஒட்டுவது.

2. என் காரில் உள்ள கறைப் பூச்சை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்ப அடிப்பது. இது அவசரமில்லை, செண்பகத்தின் வேலைக்குப் பிறகு.

3. மாமாவின் அதே சந்தனம், அதே குங்குமத்தை வைத்துப் பட்டறையில் சோதிப்பது. பல்லடத்திலிருந்தே போன் செய்து கேட்டுவிட்டேன். “நீ மன்னிப்புக் கேக்கறயா, குங்குமம் கேக்கறயா?” என்றார். “ரெண்டும்தானுங்க மாமா.” நாளைக் காலை பஸ்ஸில் டப்பா வருகிறது.

4. ஒரு ராத்திரி முழுக்கப் பொட்டை ஊற விட்டு, காலையில் துடைப்பது. துணியில் நிறம் வர வேண்டும், கண்ணாடியில் மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் திரும்ப அடிப்பது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு முறை அடிக்க நேரம் இருக்கிறது.

5. வெள்ளிக்கிழமை விளக்கைத் தாராபுரத்தில் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை செண்பகத்தின் மாமியார் துடைத்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நிற்பது. பிறகு நீலக் காரின் சாவியைக் கேட்பது.