கிளைப் பிசினோடு ஒரு பயணம்

பங்குனி வெயிலில் என் மகள் பஞ்சவர்ணம் போனில் எழுதியிருந்தாள்: "அய்யா, கிளைப் பிசின் வேணும். நம்ம கண்மாய்க் கருவேலத்துல எடுத்து வாங்க." இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி செய்கிறாள். நான் எழுத்துக் கூட்டக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. செய்தியை யாரிடமும் காட்டாமல் நானே படித்தேன். பிசின் வழிந்த கிளையொன்றை முள்ளோடு வெட்டி, எங்கள் ஊரான சிக்கலில் காலைப் பேருந்து ஏறினேன். பேருந்தின் பலகையையும் நானே படித்தேன்.

"பெருசு, விறகா?" என்றார் நடத்துநர்.

"பரிசோதனைக்குப்பா."

"முள்ளுக்கு என்ன பரிசோதனை? குத்தும்னு ஊருக்கே தெரியுமே! துண்டைச் சுத்தி அங்கன ஓரமா வைங்க."

இராமநாதபுரத்தில் இறங்கியதும், அழைக்க வந்த மகள் கிளையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிசினுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத அதன் மூலக்கூறு கிளை விட்டிருக்கிறதாம். அதைத்தான் கேட்டாளாம். பிறகு சிரிப்பு அடங்கியது. கடைப் பிசினில் செய்த பரிசோதனை இரண்டு தடவை தூசியால் கெட்டுவிட்டது. மறுநாள் காலைதான் கல்லூரியில் அளக்கும் இயந்திரத்தில் அவளுடைய முறை. தவறினால் எப்போது கிடைக்குமோ. கிளையோடு, துண்டுக்குள் வந்த பிசினில் மண் படவில்லை. கண்ணாடிபோல் இருந்த துண்டுகளைப் பொறுக்கி ஊறப்போட்டாள்.

ஊறும் நேரத்தில், கடலோரம் படகு விடும் காரங்காட்டுக்குப் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அலையாத்தி மரங்களுக்கு நடுவே படகு போக, இலைகளில் பட்ட வெயில் நீரெல்லாம் சிதறி, நாங்கள் வெளிச்சத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது.

"இப்படிச் சிதறுற வெளிச்சத்தை அளந்தா, கிளை தெரியும் அய்யா," என்றாள்.

படகோட்டி துடுப்பை நிறுத்தினார். "மரத்தைப் பாத்தாலே தெரியுமே தாயீ?"

"பாக்க முடியாத அளவுக்குச் சின்ன மரம்ணே!"

அவர் வெகுநேரம் நீரையே பார்த்தபடி துடுப்புப் போட்டார்.

மறுநாள் காலை கல்லூரியில், வடிகட்டிய பிசின் நீருக்குள் நூல்போலச் சிவப்பு ஒளி பாய்ந்தது. எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறதென்று இயந்திரம் அளந்தது. ஒரு தூசி இருந்தாலும் கணக்குக் கெடும். மகள் மூச்சுவிடவில்லை, நானும்தான். திரையில் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மூலக்கூறோட எடை நிறைய, பரப்பு கொஞ்சம். நீளக் கயிறா இருந்தா இன்னும் விரிஞ்சு கிடக்கும். இது கிளை விட்டுச் சுருண்டிருக்கு அய்யா!" என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரங்காடு போகிறவர்கள் வெயில் சாயும் முன் படகேறுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பேருந்தில் முள் கொண்டுபோனால் துண்டு வேண்டும். யாராவது கிளை கேட்டால், எந்தக் கிளை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை, நல்லதாயிற்று. புறப்படும்போது புட்டியில் ஒட்ட ஒரு சீட்டை நீட்டி, உள்ளே இருக்கும் பிசினின் பெயரை என்னையே எழுதச் சொன்னாள்.

"சின்ன லையா, பெரிய ளையா?"

"உங்களுக்குத் தெரியும் அய்யா."

மெதுவாக எழுதினேன்: கிளை.